எஷுவின் பங்கு

மெல்பேர்ண் புறநகரான டார்னெய்ட்டில் எங்கள் வீடு நான்கு தெருக்கள் கூடும் மூலையில் இருக்கிறது. எதிர் மூலையில் ஆரம்பப் பள்ளி. காலையில் பிள்ளைகளைக் கொண்டுவந்து விடும் நேரத்தில் இந்தச் சந்தியில் கார் ஓட்டுகிறவர்களைப் பார்த்தால், இவர்கள் எல்லாம் படித்து உத்தியோகம் பார்க்கிறவர்கள்தானா என்று சந்தேகம் வரும். ஹாரன் அடிப்பார்கள், கண்ணாடியை இறக்கித் திட்டுவார்கள், பிள்ளையை நடுத்தெருவில் இறக்கிவிட்டுப் பறப்பார்கள். இத்தனை பேரையும் ஒரு விசிலால் கட்டிப்போடுகிறவர் சந்திரவதனா அக்கா. கையில் 'நில்' பலகை, தலையில் அகன்ற தொப்பி, உடம்பில் கண் கூசும் மஞ்சள் அங்கி. உயரம் ஐந்தடிகூட இல்லை. ஆனால் அவர் பலகையைத் தூக்கினால் மண் லாரியும் நிற்கும்.

விழா மலர்களில் பொன்னாடை போர்த்திய படத்தோடு எழுதப்படும் பெரிய மனிதர்களைப் படித்துப் படித்து எனக்கு அலுத்துவிட்டது. அவர்களில் ஒருவராவது இந்தச் சந்தியில் ஒரு காலை நேரம் நின்று பார்க்கட்டும். அதனால்தான் அக்காவைப் பற்றி எழுதுகிறேன். என் பெயர் பார்கவி. திருச்சிக்காரி, வீட்டிலிருந்தே கணினி வேலை பார்க்கிறவள். என் மேசை ஜன்னலோரம் இருப்பதால் பிள்ளைகள் தெருவைக் கடக்கும் கடவையில் நடக்கும் எதுவும் என் கண்ணுக்குத் தப்பாது.

அக்கா யாழ்ப்பாணப் பக்கம். தொண்ணூறுகளில் கணவர் இரத்தினசிங்கத்தோடும் கைக்குழந்தையாக இருந்த மகன் நிதுஷனோடும் சிட்னிக்கு வந்து, லிட்கமில் ஒரு அடுக்குமாடி வீட்டில் குடியேறினார். அந்தக் கட்டடத்தில் ஊர்க்காரர்கள் பலர் இருந்தார்கள். தொலைபேசி இருந்தது அக்கா வீட்டில் மட்டும். யுத்தகாலம். ஊரிலிருந்து அழைப்பு வந்தால் அக்காதான் எடுப்பார், அக்காதான் படியேறிப் போய் உரியவரிடம் சொல்வார். பிறப்பும் இறப்பும் அவர் வாய் வழியாகத்தான் அந்தக் கட்டடத்துக்குள் வந்தன. "செய்தியைக் கொண்டுபோய் அப்பிடியே கொட்டக்கூடாது, பிள்ளை" என்று ஒருமுறை என்னிடம் சொன்னார். "முதல் ஒரு வாய் தண்ணி குடுத்து, கதிரையிலை இருத்திப்போட்டுத்தான் சொல்லோணும். சில பேருக்கு அண்டைக்கே சொல்லக்கூடாது."

பகலில் ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் இடத்தில் வேலை, மாலையில் இந்தத் தூது. பிறகு பேருந்து ஓட்டிக்கொண்டிருந்த கணவர் ஓய்வு பெற்றார், மகனுக்கு மெல்பேர்ணில் வேலை கிடைத்தது, குடும்பம் இங்கே வந்தது. வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல் அக்கா இந்தப் பலகையைப் பிடித்தார்.

பலகை பிடிப்பது மட்டும்தான் சம்பளத்துக்கான வேலை. மற்றபடி சந்தியின் தபால் நிலையமும் அவர்தான். மறந்துபோன சாப்பாட்டுப் பெட்டியிலிருந்து மனஸ்தாபம் வரை எல்லாம் அவர் கையில் வந்து சேரும். ஒருமுறை என் மகளின் கையை ஒரு பையன் கடித்துவிட்டான். அவன் தாய் மயூராவிடம் சொல்லச் சொல்லி அக்காவிடம் நான் கொட்டியது இது: "பிள்ளை வளர்க்கத் தெரியலைன்னா எதுக்குப் பெத்துக்கறாங்களாம்?" மறுநாள் மயூரா கேக் பெட்டியோடு என் வாசலில் நிற்கிறாள். "உங்கடை மகளுக்கு நொந்ததைவிட, என்ரை மகனுக்கு என்ன கவலையோ எண்டுதான் நீங்கள் யோசிச்சனீங்களாம். கடவையிலை நிக்கிற அன்ரி சொன்னவா" என்று கண் கலங்குகிறாள்.

நான் அப்படி யோசிக்கவே இல்லை. ஆனால் கேக் பெட்டியைக் கையில் வாங்கிக்கொண்டு, "இல்லைங்க, நான் திட்டத்தான் திட்டினேன்" என்று சொல்ல எந்த அறிவாளியாலும் முடியாது. உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, அந்தப் பையனுக்கு என்ன கவலை என்று விசாரித்தேன். அவன் அப்பா வேலை நிமித்தம் பெர்த்துக்குப் போய் மாதக்கணக்காகிறதாம். எனக்கு உண்மையாகவே பாவமாகிவிட்டது.

அக்காவுக்கு எஷு என்று பெயர் வைத்தவள் பூன்மி. அவள்தான் எதிர் மூலையில் பலகை பிடிப்பவள். நைஜீரியாக்காரி, யொரூபா இனம். காலையும் மாலையும் கடவை, இடையில் முதியோர் இல்லத்தில் வேலை. காலைக் கடமை முடிந்ததும் இருவரும் என் வீட்டு முன்புறத்தில் மடக்குக் கதிரை போட்டு, அக்கா கொண்டுவரும் பிளாஸ்க் தேநீரைக் குடிப்பார்கள். நானும் போய்ச் சேர்ந்துகொள்வேன். மூன்று பேருக்கும் மூன்று விதமான ஆங்கிலம். பூன்மி சொன்னதை என் தமிழில் தருகிறேன்.

கேக் கதையைக் கேட்டு அவள் தொடையில் தட்டிச் சிரித்தாள். "இவள் எஷுதான், சந்தேகமே இல்லை. எங்கள் தெய்வங்களின் தூதன் எஷு. மனிதர் சொல்வதை மேலே கொண்டுபோவான், மேலே சொல்வதைக் கீழே கொண்டுவருவான். சந்தியில்தான் இருப்பான். பொல்லாத குறும்புக்காரன்."

பிறகு கதையும் சொன்னாள். உயிர்த் தோழர்கள் இரண்டு பேர், பக்கத்துப் பக்கத்து வயல். எங்களைப் பிரிக்க ஆளே இல்லை என்று சத்தியம் செய்துகொண்டவர்கள் எஷுவை மட்டும் கணக்கில் எடுக்க மறந்துவிட்டார்கள். அவன் இரண்டு வயலுக்கும் நடுவே வரப்பில் நடந்தான். தலையில் ஒரு தொப்பி, ஒரு பக்கம் சிவப்பு, மறுபக்கம் கறுப்பு. சாயங்காலம் ஒருவன் சிவப்புத் தொப்பிக்காரன் போனான் என்றான், மற்றவன் கறுப்பு என்றான். பேச்சு முற்றிக் கைகலப்பாகி ஊரே கூடிவிட்டது. அப்போது எஷு வந்து தொப்பியைக் கழற்றிக் காட்டினான்.

"நாரதர்" என்றேன் நான். "மூட்டிவிட்டு வேடிக்கை பாக்கற ஆளு."

"நாரதர் கலகம் நன்மையிலை முடியும் எண்டும் சொல்லுறதெல்லோ" என்றார் அக்கா. பிறகு பூன்மியிடம், அந்த எஷுவுக்கு என்ன படைப்பார்கள் என்று கேட்டார்.

"எந்தத் தெய்வத்துக்குப் படைத்தாலும் முதல் பங்கு எஷுவுக்கு. கரடுமுரடான ஒரு சிவப்புக் கல்லைத்தான் பல இடங்களில் அவனாக வைத்திருப்பார்கள். வாசலில், சந்தியில். அதன் மேல் செம்பனை எண்ணெய் ஊற்றுவார்கள். அவன் பங்கைக் கொடுக்காவிட்டால் செய்தி போய்ச் சேராது."

அக்காவின் கண் விரிந்தது. "சந்தியிலை இருக்கிறார், முதல் பங்கு கேக்கிறார். உவர் எங்கடை பிள்ளையாற்றை சொந்தக்காரர் போலை கிடக்கு."

பூன்மி ஞாயிறு தவறாமல் தேவாலயத்துக்குப் போகிறவள். "என் போதகர் காதில் விழுந்தால் எனக்காகத் தனி ஜெபம் நடக்கும்" என்று சிரித்தாள். பைபிளை யொரூபாவில் மொழிபெயர்த்தபோது சாத்தானுக்கு எஷு என்ற பெயரைப் போட்டுவிட்டார்களாம். அன்றிலிருந்து தூதன் பிசாசாகிவிட்டான். "இப்போது லாகோஸில் இளசுகள் 'எஷு சாத்தான் அல்ல' என்று சட்டையில் எழுதிக்கொண்டு ஊர்வலம் போகிறார்கள். என் அக்கா மகன் படம் அனுப்பினான். அவன் கணினிப் பொறியாளன், பூசாரி இல்லை."

எனக்கு அந்தப் பையன்களைப் பிடித்துவிட்டது. நடுவில் நிற்கிறவனைப் பிசாசு என்று சொல்வது உலகத்துக்கே உள்ள வியாதி. இப்போது நாம் நடுவில் ஆளே வேண்டாம் என்று கைபேசியில் நேராக எழுதிவிடுகிறோம். கைபேசிக்கு வெட்கம் கிடையாது, தொண்டை அடைக்காது, கொடுத்ததைக் கொண்டுபோய் அப்படியே முகத்தில் எறியும். எங்கள் வகுப்புப் பெற்றோரின் வாட்ஸ்அப் குழு மூன்றாக உடைந்தது இப்படித்தான். அந்தச் சண்டை அக்கா வழியாகப் போயிருந்தால் இந்நேரம் மூன்று கேக் வந்திருக்கும்.

ஆனால் அக்காவின் மிகப் பெரிய தூது சந்தியில் நடக்கவில்லை. அவர் வீட்டுக்கும் மகன் வீட்டுக்கும் நடுவே நடந்தது.

ஐந்தாறு வருடங்களுக்கு முன்பு நிதுஷனும் அவன் மனைவி ராகவியும் டார்னெய்ட்டின் மறுகோடியில், புது வீட்டுமனை எஸ்டேட்டில் வீடு கட்டினார்கள். நேரே வரும் ஒரு தெரு முடிந்து நிற்கும் இடத்தில் வாசல். நம் ஊர்களில் இதற்குத் தெருக்குத்து என்று பெயர். தெரு வந்து வீட்டைக் குத்துகிறதாம். பயந்தவர்கள் அந்த மனையை வாங்கமாட்டார்கள். துணிந்து வாங்குகிறவர்கள் வாசலில் தெருவைப் பார்த்து ஒரு பிள்ளையாரை வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குவார்கள். இவர்கள் இரண்டும் செய்யவில்லை. இந்தக் காலத்துப் பிள்ளைகள், சூரிய வெளிச்சம் நன்றாக வருகிறதா என்று மட்டும் பார்த்தார்கள்.

குடிபுகும் நாளில் பால் பொங்கிக்கொண்டிருந்தது. வீடு நிறைய ஆட்கள். இரத்தினசிங்கம் அங்கிள் வாசலில் நின்று அந்தத் தெருவைப் பார்த்தார். ஆயுள் முழுக்கப் பேருந்து ஓட்டிய மனிதர், தெரு என்றால் அவருக்குத் தெரு இல்லை, உள்ளே வரும் வாகனம். தன்னைக் கேட்காமல் மனை வாங்கிய கோபமும் இருந்தது. எல்லார் காதிலும் விழும்படி சொன்னார்: "தெருக்குத்திலை வீடு கட்டினவன் உருப்பட்டதில்லை. இந்த வீட்டிலை ஒரு பிள்ளை தங்காது."

ராகவி அப்போது இரண்டு மாதக் கர்ப்பிணி. மூன்று மாதம் முடியும் முன் வெளியே சொல்லக்கூடாது, கண்ணூறு பட்டுவிடும் என்பது நம்மவர்களின் வழக்கம். ராகவியின் தாய் சொல்லவிடவில்லை. அக்காவுக்கும் தெரியாது, அங்கிளுக்கும் தெரியாது. மறைத்த விஷயம் மறைத்தபடியே இருக்க, அவர் வாய் அதன் மேல் போய் விழுந்தது. சில வாரத்தில் கரு கலைந்துவிட்டது.

டாக்டர், இது பலருக்கும் நடப்பதுதான், யார் தவறும் இல்லை என்று சொன்னார். ராகவியும் படித்தவள், அவளுக்கும் அது தெரியும். ஆனாலும் சொன்ன சொல் வீட்டுக்குள்ளேயே இருந்தது. நிதுஷன் அப்பாவைப் போனில் கூப்பிட்டு, "என்ரை பிள்ளையை உங்கடை வாய்தான் திண்டது" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான். அதற்குப் பிறகு அப்பாவுக்கும் மகனுக்கும் பேச்சு இல்லை.

அங்கிள் கராஜுக்குள் ஒரு கதிரையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். மன்னிப்பும் கேட்கவில்லை, நியாயமும் பேசவில்லை. அவர் சொல்லாததை எல்லாம் அக்கா சொல்ல ஆரம்பித்தார்.

ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பாத்திரத்தில் ஏதாவது எடுத்துக்கொண்டு பஸ் ஏறி மகன் வீட்டுக்குப் போவார். "அப்பா சொன்னவர், கணவாய்க் கறி உனக்கு விருப்பமெண்டு." அங்கிள் சொல்லியிருக்கமாட்டார். திரும்பிவந்து கராஜ் வாசலில் நின்று, "உங்கடை இருமல் எப்பிடியெண்டு தம்பி கேட்டவன்." மகன் கேட்டிருக்கமாட்டான். கொரோனா ஊரடங்கில் வெளியே போக முடியாதபோது தொலைபேசியிலும் இதே வேலை. குழந்தை போன பிறகு படுத்த படுக்கையாகக் கிடந்த ராகவியின் தலையைத் தடவி, "மாமா அழுதவர், பிள்ளை. என்ரை நாக்கு அழுகிப் போகோணும் எண்டு சொல்லச் சொன்னவர்" என்றார். உண்மையில் அன்று அக்கா வீட்டைவிட்டுக் கிளம்பும்போது அங்கிள் சத்தத்தை நிறுத்திவிட்டு டிவியில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார்.

இதை என்னிடம் சொன்னபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணுன்னு சொல்லுவாங்க. நீங்க கல்யாணம் ஆன வீட்டுல பண்றீங்களேக்கா!"

அக்கா அசரவில்லை. "அந்த மனிசன் சத்தமில்லாமல் கிரிக்கெட் பாத்தது இதுக்கு முன்னம் இல்லை. முதுகைப் பாத்தனான், பிள்ளை. மனசுக்குள்ளை சொன்னதைத்தான் நான் வெளியிலை சொன்னனான். சத்தம் வரேல்லை, அவ்வளவுதான்."

அந்த வீட்டு வாசலுக்குப் பிள்ளையார் வந்ததில் எனக்கும் பங்கு உண்டு. நான் ஊருக்குப் போனபோது மாமல்லபுரத்தில் ஒரு கருங்கல் பிள்ளையார் வாங்கிவரச் சொன்னார் அக்கா. ஒன்றரைச் சாண் உயரம், இடுப்பை ஒடிக்கும் கனம். புடவையில் சுற்றிக் கொண்டுவந்தேன். மெல்பேர்ண் விமான நிலையத்தில் பெட்டியைத் திறந்த அதிகாரி இது என்ன என்று கேட்டார். கடவுள் என்றால் வம்பு வருமோ என்று "கல்" என்றேன். அக்கா அதை வாங்கி நிதுஷனிடம் கொடுத்து, "அப்பா குடுத்துவிட்டவர். தெருவைப் பாக்க வைக்கட்டாம்" என்று சொல்லிவிட்டார். அப்பா அதைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. நிதுஷன் அதை வாங்கி, வாசலில் சின்ன மேடை கட்டி வைத்தான்.

இந்த வருடம் ராகவிக்குப் பெண்குழந்தை பிறந்தது. எல்லாரையும்விட அக்காதான் குதித்தார். கடவையில் நின்று தெரியாதவர்களுக்கும் கைபேசியில் படம் காட்டினார். முப்பத்தோராம் நாள், துடக்கு என்று அவர்கள் சொல்லும் தீட்டைக் கழித்து, குழந்தையைப் பெரியவர்கள் மடியில் வைக்க வேண்டும். அப்போது ராகவி அக்காவிடம் சொன்னாள்: "மாமி, மாமாவும் வரோணும். அவர் இவ்வளவு காலமும் சொல்லிவிட்டது ஒண்டும் நான் மறக்கேல்லை. நேர இருத்திக் கதைக்கோணும்."

அக்கா இந்த ஒரு செய்தியை மட்டும் கூட்டாமல் குறைக்காமல் கொண்டுபோய்க் கராஜில் வைத்தார். அதாவது "வரட்டாம்" என்ற பாதியை. மீதியை விழுங்கிவிட்டார். அங்கிள் வரமாட்டார் என்பது அக்காவின் கணக்கு. இரண்டு நாள் கழித்து அங்கிள் முடி வெட்டிக்கொண்டு வந்து நின்றார். "வாறன்" என்றார்.

மறுநாள் காலை அக்கா என் வீட்டு முன்புறத்தில் வந்து உட்கார்ந்து தேநீரைக் கோப்பைக்கு வெளியே ஊற்றினார். அத்தனை லாரியை நிறுத்திய கை.

"முதல் கேள்வியிலையே எல்லாம் உடைஞ்சுபோடும், பிள்ளை. கணவாய்க் கறி, பிள்ளையார், அழுதது, ஒண்டும் நிக்காது. பொய் சொல்லிப் பேய்க்காட்டினது எல்லாம் அம்மாதான் எண்டு நிதுஷனுக்குத் தெரிஞ்சால் அவன் என்னையும் விட்டிடுவான். ராகவி என்ன நினைப்பாள்? பேத்தியை நான் போனிலைதான் பாக்கோணும்."

"அங்கிள்கிட்ட முன்னாடியே சொல்லி வச்சிடுங்கக்கா. நீங்க இன்னின்ன சொன்னீங்க, ஞாபகம் வச்சுக்கோங்கன்னு."

"சொன்னால் வராது அந்தாள். வெக்கத்திலை திரும்பவும் கராஜுக்கை போயிடும்."

"அப்ப நிதுஷன்கிட்ட உண்மையைச் சொல்லிடுங்க."

"சொன்னால் பிள்ளையார் குப்பைக்குப் போவார்."

எனக்கு எரிச்சல் வந்தது. இரண்டு ஆண்பிள்ளைகள் முறுக்கிக்கொண்டு திரிய, நடுவில் இந்த மனுஷி ஏன் நடுங்க வேண்டும்? அதைச் சொல்லியும்விட்டேன். பூன்மிக்கும் ஆங்கிலத்தில் விளக்கினேன். அவள் அக்காவைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "இத்தனை வருடம் இரண்டு பக்கத்துக்கும் சுமந்தாயே, உன் பங்கை யார் கொடுத்தார்கள்?"

அக்கா தன் கோப்பையைப் பார்த்தார். அந்தத் தேநீரும் அவர் போட்டு, அவரே சுமந்து வந்து, எங்களுக்கு ஊற்றிவிட்டுக் கடைசியில் தனக்கு ஊற்றிக்கொண்டதுதான்.

பிறகு எழுந்து தொப்பியைப் போட்டுக்கொண்டார். குரல் பழையபடி ஆகியிருந்தது. "இந்தக் கடவையிலை நான் ஒரு பிள்ளையையும் தூக்கிக்கொண்டு போறேல்லை. வாகனத்தை நிப்பாட்டுறன், பிள்ளையள் தாங்களா நடக்கினம். இவ்வளவு காலமும் அப்பனையும் மகனையும் தூக்கித் திரிஞ்சது காணும், போதும். ஞாயிற்றுக்கிழமை நான் குசினிக்கை நிக்கப்போறன். நடக்கிறது நடக்கட்டும்."

ஞாயிற்றுக்கிழமை பூன்மியும் நானும் போனோம். ஐயர் வந்து சடங்கு முடித்துப் போயிருந்தார். அக்கா சொன்னபடி குசினியில் வடை சுட்டுக்கொண்டிருந்தார். வெளியே தலைகாட்டவில்லை. அங்கிளைக் கூட்டிவரக் கார் அனுப்பியிருந்தார்கள். நான் வடைத் தட்டோடு முன்வாசலுக்கும் ஹாலுக்கும் நடுவில் நின்றேன். எனக்கு அங்கே வேலை ஒன்றுமில்லை. ஆனால் நகர முடியவில்லை.

கார் வந்து நின்றது. அங்கிள் வேட்டி கட்டியிருந்தார். இறங்கியதும் பழக்க தோஷத்தில் திரும்பி அந்தத் தெருவைப் பார்த்தார். நிதுஷன் படியில் இறங்கினான். அத்தனை வருடம் கழித்து இருவரும் எதிரெதிரே நின்றார்கள்.

"உள்ளை வாங்கோ, அப்பா."

அங்கிள் நகரவில்லை. அவர் கண் மேடையில் இருந்த பிள்ளையார் மேல் நின்றது. "உது ஆர் வச்சது?"

தொலைந்தது, முதல் கேள்வியே அதுதான்.

நிதுஷன் விழித்தான். "நீங்கள் குடுத்துவிட்ட பிள்ளையார் எல்லோ? தெருவைப் பாக்க வைக்கச் சொல்லி அம்மாட்டைக் குடுத்துவிட்டனீங்கள். மறந்துபோச்சோ?"

அங்கிள் பிள்ளையாரைப் பார்த்தார். மகனைப் பார்த்தார். பிறகு குசினி ஜன்னலைப் பார்த்தார். அங்கே புகை மட்டும்தான் தெரிந்தது, ஆள் தெரியவில்லை. எண்ணெய்ச் சத்தமும் நின்றிருந்தது. அந்த மனிதரின் முகத்தில் ஏதோ ஒன்று மெதுவாகப் புரிந்துகொண்டு வருவதை நான் பார்த்தேன். வாயால் கெட்டவர், இந்தமுறை அவசரப்படவில்லை.

"மறக்கேல்லை" என்றார். "நேர தெருவைப் பாக்க வையெண்டெல்லோ சொல்லிவிட்டனான். நீ சரிச்சு வச்சிருக்கிறாய்."

"அளந்துதான் வச்சனான், அப்பா."

"என்னத்தை அளந்தனி. இஞ்சாலை வா, பிடி அந்தப் பக்கத்தை."

இரண்டு பேரும் குனிந்தார்கள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவர் ஒரு பக்கம், மகன் ஒரு பக்கம். பிள்ளையார் விரலளவு நகர்ந்திருப்பார். அதற்கு அவர்கள் எடுத்துக்கொண்ட நேரம் மிக அதிகம். நிமிர்ந்தபோது நிதுஷனின் கை அப்பாவின் முழங்கையைப் பிடித்திருந்தது, எழுப்பிவிடப் பிடித்ததை விடவில்லை. என் பக்கத்தில் நின்ற பூன்மி தெருவையும் பிள்ளையாரையும் வாசலையும் ஒருமுறை பார்த்து, "எங்கள் ஊரில் எஷுவை வைக்கிற இடமும் இதுதான். நல்ல வீடு" என்றாள்.

ஹாலில் அங்கிளைக் கதிரையில் இருத்தி மடியில் குழந்தையை வைத்தார்கள். ராகவி தரையில், அவர் காலடியில் உட்கார்ந்தாள். "மாமா, முந்திப் பிள்ளை போன நேரம் நீங்கள் சொல்லிவிட்டது… நாக்கு அழுகோணும் எண்டு. அப்பிடிச் சொல்லக்கூடாது. நீங்கள் அழுதனீங்கள் எண்டு மாமி சொன்ன பிறகுதான் எனக்கு எழும்பி இருக்க மனம் வந்தது."

குசினி வாசலில் அக்கா வந்து நின்றார். கையில் வடைக்கரண்டி.

அங்கிளுக்கு அந்தச் செய்தி அப்போதுதான் தெரியும். தான் அழுததும் அப்போதுதான் தெரியும். மடியில் இருந்த குழந்தையை ஒரு கையால் அணைத்துக்கொண்டு, மறுகையால் கண்ணைத் துடைத்தார். துடைக்கத் துடைக்க வந்துகொண்டே இருந்தது.

"சொல்லிவிட்டது மட்டும் காணாது, ராகவி" என்றார். "பிழை விட்டது என்ரை வாய். இந்த வாயாலை, நேர வந்து சொல்லியிருக்கோணும். பயந்துபோய் இருந்திட்டன். என்னை மன்னிச்சுக்கொள்ளு, மகள்."

நானும் அழுதேன், வெட்கப்படாமல் சொல்கிறேன். அக்கா சொன்ன அத்தனை பொய்யும் அந்த ஒரு நிமிடத்தில் அங்கிளின் சொல்லாக மாறிவிட்டது. பொய் உண்மையாகுமா என்று என்னிடம் வாதம் பண்ண வருகிறவர்கள் முதலில் அந்தக் கதிரைக்கு எதிரே நின்றிருக்க வேண்டும்.

திங்கட்கிழமை காலை அக்கா கடவையில் நின்ற நிமிர்வைப் பார்த்தே எனக்குத் தெரிந்துவிட்டது, சொல்ல ஏதோ வைத்திருக்கிறார் என்று. பிள்ளைகள் எல்லாம் உள்ளே போன பிறகு கதிரையில் உட்கார்ந்து சொன்னார்.

அன்று விடிந்து அவர் எழுந்து வந்தபோது குசினியில் சத்தம் கேட்டிருக்கிறது. அங்கிள் அடுப்படியில் நிற்கிறார். கல்யாணம் செய்த நாள் முதல் ஒரு கோப்பை தேநீர் போட்டறியாத மனிதர். தேயிலைப் பேணி எது, சீனிப் பேணி எது என்று எல்லா டப்பாவையும் திறந்து வைத்திருக்கிறார். ஒரு கோப்பையைக் கொண்டுவந்து அக்கா முன்னால் வைத்துவிட்டு, எதிரே ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருக்கிறார். தனக்கு ஊற்றிக்கொள்ளவில்லை.

"இஞ்சரும், முதல் இதைக் குடியும்" என்றாராம். "குடிச்சுப்போட்டு ஆறுதலாச் சொல்லும். இவ்வளவு காலமும் நான் வேறை என்னென்ன சொன்னனான்? எல்லாம் எனக்குத் தெரிஞ்சிருக்கோணும்."

தேநீரில் சீனி அள்ளிக் கொட்டியிருந்ததாம், வாயில் வைக்க முடியவில்லையாம். அக்கா ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்து முடித்திருக்கிறார். பிறகு கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாராம்:

"நீங்களும் ஒரு தேத்தண்ணி ஊத்திக்கொண்டு வந்து இருங்கோ. கனக்க விசயம் சொன்னனீங்கள்."